சந்தேகமான மரண சாசனத்தை எதிர்ப்பது எப்படி? வன்னிக் குடும்பங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

அப்பாவின் அந்தியேட்டி முடிந்து கடைசிப் பந்தி எழும்பிய கையோடு சின்னையாவின் மகன் ஒரு போட்டோக்கொப்பியை மேசையில் வைத்தான். "பெரியப்பா எழுதி வைச்சது, அக்கா. எல்லாரும் நிக்கேக்க காட்டுறதுதானே முறை" என்றான். மூன்று பக்கம். வயல், வீட்டுக்காணி, ஏ9 வீதியோரக் கடைக்காணி, மூன்றும் அவனுக்கு. அம்மா அதை வாசிக்கவில்லை, தன் கண்ணாடி எங்கே என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு இரண்டரை வருடம் நீதிமன்றத்துக்கும் பிரதேச செயலகத்துக்கும் அலைந்தேன். நான் சட்டத்தரணி இல்லை. உங்கள் வழக்கை உங்கள் சட்டத்தரணிதான் நடத்த வேண்டும். ஆனால் அவருடைய மேசைக்கு முன் உட்கார முதல் நீங்கள் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும், எதைக் கையில் கொண்டுபோக வேண்டும் என்பதை அலைந்தவள் சொல்லலாம்.

முதலில் ஒரு கசப்பான விஷயம். "பெத்த பிள்ளைக்கு ஒண்டும் எழுதேல்லை, இது அநியாயம்" என்பது வழக்காகாது. 1844ஆம் ஆண்டின் மரண சாசனக் கட்டளைச் சட்டம், ஒருவர் தன் சொத்தைத் தான் விரும்பியவருக்கு எழுதலாம், பிள்ளைகளைத் தவிர்த்தும் எழுதலாம் என்கிறது. ஆகவே நீதிபதி முன்னால் நியாயம் அநியாயம் பேசி வேலையில்லை. அந்தக் கடதாசி எப்படிப் பிறந்தது, அதில் எழுதியிருக்கும் சொத்து எழுதியவருக்கு உரியதுதானா, இந்த இரண்டு கேள்விகளில்தான் வழக்கு நிற்கிறது.

செத்தவீட்டுக் கிழமைகளில்

எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். "சும்மா ஒரு சம்மதக் கடிதம்", "மின்சாரப் பெயர் மாத்த ஒரு படிவம்" என்று வரும். பிறகு அதுவே நீங்கள் சாசனத்தை ஏற்றுக்கொண்டதற்கான அத்தாட்சியாக நீதிமன்றத்தில் வந்து நிற்கும்.

கோபத்தில் கடதாசியைப் பறித்துக் கிழிக்கவும் வேண்டாம். மரண சாசனத்தை அழிப்பது, ஒளிப்பது இரண்டும் குற்றம். போனில் ஒவ்வொரு பக்கத்தையும் பின்பக்கத்தோடு படம் எடுங்கள். மூலப் பிரதி யாரிடம் இருக்கிறது என்று ஆட்கள் நிற்கும்போதே கேளுங்கள். அன்று இரவே ஒரு கொப்பியில் யார் யார் நின்றார்கள், சாசனத்தைக் கொண்டு வந்தவர் என்ன சொன்னார், சாசனம் தன் கைக்கு எப்போது வந்தது என்றார் என எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கதை மாறும். எங்கள் வீட்டில் மாறியது: முதலில் "பெரியப்பா கையில தந்தவர்", பிறகு "நொத்தாரிசு வைச்சிருந்தவர்". (நொத்தாரிசு என்றால் உறுதி, சாசனம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரம் உள்ளவர்.)

இன்னொன்று. அப்பா உயிரோடு இருக்கும்போது உறவினருக்கு அற்றோணித் தத்துவம், அதாவது தன் சார்பில் செயற்படும் எழுத்து அதிகாரம், கொடுத்திருந்தால் அது அவருடைய மூச்சோடு முடிந்துவிட்டது. இறப்புக்குப் பிறகு அதைக் காட்டிக் காசு எடுக்கவோ காணி எழுதவோ முடியாது. வங்கிக்கு மரணச் சான்றிதழின் பிரதியை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக ஒரு முத்திரை வாங்குங்கள்.

முதலில் காணி, பிறகு கடதாசி

யாழ்ப்பாணத்தில் காணி என்றால் பெரும்பாலும் உறுதிக் காணி, அதாவது தனியாருக்கே சொந்தமாக உறுதி எழுதிய காணி. வன்னியில் அப்படி இல்லை. இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்று குளங்களை நம்பிக் குடியேறிய குடும்பங்களின் கையில் இருப்பது பெரும்பாலும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிற் எனும் அனுமதிப் பத்திரம், அல்லது அதற்குப் பிறகு கிடைத்த அளிப்புப் பத்திரம். இது அரச காணியிலிருந்து வந்த உரிமை. உறுதிக் காணியைப்போல நினைத்தவருக்கு எழுதிவிட முடியாது. யார் பின்னுரித்தாளராக, அதாவது இறந்தவருக்குப் பின் காணிக்கு உரியவராக, வரலாம் என்பதை அந்தச் சட்டமே வரையறுத்து வைத்திருக்கிறது. பெர்மிற்காரர் இறந்தால், பின்னுரித்தாளராகப் பெயர் குறித்திருந்தாலும் குறிக்காவிட்டாலும், முதலில் வருவது உயிரோடிருக்கும் கணவன் அல்லது மனைவி.

எங்கள் வயல் அப்படித்தான் தப்பியது. சாசனத்தில் "எனக்குச் சொந்தமான 3 ஏக்கர் வயல்" என்று எழுதியிருந்தார்கள். பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் பெர்மிற் பதிவேட்டின் பிரதி கேட்டேன். மங்கிய நீல மையில் அப்பாவின் பெயர், கீழே பின்னுரித்தாளர் என்ற இடத்தில் அம்மாவின் பெயர். நீதிமன்றத்துக்குப் போக முதலே மூன்றில் ஒன்று எங்கள் பக்கம் வந்துவிட்டது.

ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, கவனம். துணைவரோ பெயர் குறித்த பின்னுரித்தாளரோ இறப்பு நடந்து 6 மாதத்துக்குள் காணியின் ஆட்சியை எடுக்காவிட்டால் உரிமை தவறிப்போகலாம். அம்மா மகளோடு வவுனியாவில் இருக்கிறார், வயலை மச்சான் செய்கிறார் என்று விட்டுவிடாதீர்கள். உடனே பிரதேச செயலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். அந்தப் போகத்தை அம்மாவின் பெயரில் விதையுங்கள். உரமானியம், கமக்காரர் அமைப்பின் பதிவு, வாய்க்கால் பணம் எல்லாம் அவருடைய பெயரில் போகட்டும். பெயர் குறித்தவரும் இல்லை, துணைவரும் இல்லை என்றால் சட்டத்தின் அட்டவணையிலுள்ள உறவு வரிசை வரும். பெண்பிள்ளைகளுக்கு ஒரு செய்தி: ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை என்றிருந்த பழைய முறையை 2022ஆம் ஆண்டின் திருத்தம் எடுத்துவிட்டது.

அடுத்தது உறுதிக் காணி. காணிப் பதிவகத்தில் பதிவேட்டுப் பிரதி எடுத்து, அந்தக் காணி யாருக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணியை அப்பா சாசனத்தில் எழுத முடியாது, அது அவருடையதே இல்லை. எங்கள் வீட்டுக்காணி அம்மாவின் சீதன உறுதி. எழுதியவர்கள் அதைக்கூடப் பார்க்கவில்லை. முதுசம், அதாவது பெற்றோர் வழி வந்த சொத்து, என்றால் எழுதியவரின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும். தேடிய தேட்டம், அதாவது மணவாழ்வில் சேர்த்த சொத்து, என்றால் கணக்குச் சிக்கல், அதைச் சட்டத்தரணியிடம் விடுங்கள்.

உறவினர் காட்டுவது உண்மையில் சாசனம்தானா என்பதையும் பாருங்கள். சில வேளை அது நன்கொடை உறுதியாக இருக்கும். அப்படியென்றால் அப்பா உயிரோடு இருக்கும்போதே காணி கைமாறிவிட்டது என்பது அவர்களுடைய கதை. அதற்கு வேறு வழக்கு, வேறு வழி. ஊழியர் சேமலாப நிதி, வங்கிக் கணக்கு போன்றவற்றுக்கு நியமனதாரி பெயர் கொடுத்திருந்தால் அதையும் தனியே விசாரியுங்கள்.

இந்த வேலை முடிந்த பிறகு ஒரு தாளில் இரண்டு நிரல் போடுங்கள்: சாசனம் தொடக்கூடிய சொத்து, தொட முடியாத சொத்து. முதல் நிரலில் மிஞ்சுவதன் பெறுமதி என்ன என்று பாருங்கள். எங்களுக்கு மிஞ்சியது கடைக்காணி ஒன்றுதான். அதற்காக வழக்காடலாமா என்று அப்போதுதான் குடும்பமாக இருந்து கதைத்தோம்.

கடதாசியை எப்படி வாசிப்பது

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இரண்டு வழி சொல்கிறது. நொத்தாரிசு ஒருவரும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் நிற்க, எழுதியவர் கையெழுத்து வைக்க வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் குறைந்தது ஐந்து சாட்சிகள், அவர்களும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும். "நான் பின்னேரம் போய்த்தான் வைச்சனான்" என்று ஒரு சாட்சி சொன்னால் கதை அங்கேயே ஆட்டம் காணும்.

நொத்தாரிசு எழுதிய சாசனத்தில் கடைசியில் அத்தாட்சிக் குறிப்பு இருக்கும். என்னைக் கேட்டால் அதுதான் முழுக் கடதாசியிலும் முக்கியமான பகுதி. எந்த நாள், எந்த ஊரில் கையெழுத்தானது, சாட்சிகளின் முழுப்பெயர், வதிவிடம், எழுதியவரை யாருக்குத் தெரியும், வாசித்து விளங்கப்படுத்தினார்களா, எங்கே வெட்டித் திருத்தியிருக்கிறது எல்லாம் அதில் வர வேண்டும். எழுதியவரை நொத்தாரிசுக்குத் தெரிந்திருக்க வேண்டும், இல்லையேல் சாட்சிகளுக்காவது தெரிந்திருக்க வேண்டும். எழுதியவருக்கு வாசிக்க இயலாதென்றால் சாட்சிகள் முன்னிலையில் வாசித்து விளங்கப்படுத்தியிருக்க வேண்டும்.

இதை வைத்துக்கொண்டு சின்னச் சின்னக் கேள்விகள் கேளுங்கள். சாட்சிகள் இருவரும் எந்த ஊர்? அப்பாவை அவர்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்து வீட்டு மாஸ்டரும் கோயில் தர்மகர்த்தாவும் இருக்க, நாற்பது மைல் தள்ளி இரண்டு அந்நியர் எதற்கு? சாட்சியாகக் கையெழுத்து வைத்தவருக்கோ அவருடைய மனைவிக்கோ சாசனத்தில் ஏதும் கிடைக்கிறதா? சாசனம் எந்த மொழியில் இருக்கிறது, அப்பாவுக்கு அந்த மொழி வருமா? நொத்தாரிசுவிடம் கூட்டிப்போனது யார், காசு கொடுத்தது யார்? சொத்து வாங்குபவரே கூட்டிப்போய், சொல்லிக் கொடுத்து, காசும் கட்டியிருந்தால் நீதிமன்றம் நெற்றியைச் சுருக்கிப் பார்க்கும். நொத்தாரிசின் கோவையில் அந்த இலக்கத்துக்கு முந்தியதும் பிந்தியதும் எந்தத் திகதிகளில் இருக்கின்றன என்பதையும் உங்கள் சட்டத்தரணியைக் கொண்டு பார்ப்பியுங்கள்.

இனிக் கையெழுத்து. அப்பா தமிழில்தான் கையெழுத்து வைப்பார். கடைசி எழுத்திலிருந்து இடப்பக்கமாக ஒரு கோடு இழுத்து அதன் கீழ் இரண்டு குற்றுப் போடுவார். 2016இல் பாரிசவாதம் வந்த பிறகு வலக்கை சரியாக வேலை செய்யவில்லை. கோடு கீழே சரிந்துவிடும், குற்று ஒன்றுதான் விழும், அதுவும் கடதாசியில் ஒரு சின்னக் குழி மாதிரி. சாசனத்தின் திகதி 2019. அதிலே கோடு நேராக ஓடுகிறது, குற்று இரண்டும் அச்சடித்தது போல இருக்கிறது. அது அப்பாவின் கையெழுத்துத்தான், ஆனால் 1998இன் கையெழுத்து. பழைய உறுதி ஒன்றைப் பார்த்து எழுதியவருக்கு, கை இடையில் மாறிப்போனது தெரியவில்லை.

ஆகவே ஒப்பிடுவதற்குச் சாசனத் திகதிக்குக் கிட்டிய கையெழுத்துகளைத் தேடுங்கள். இங்கேதான் வன்னிக்காரருக்குச் சிரமம். 2008, 2009இல் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு ஓடியது போக மற்றதெல்லாம் அழிந்துபோனது. ஆனால் சாசனம் புதியதென்றால் கையெழுத்தும் புதியதாகத்தான் வேண்டும், அது கிடைக்கும். வங்கியின் கையெழுத்து அட்டை, ஓய்வூதியப் படிவம், கூட்டுறவுச் சங்கக் கடன் பத்திரம், இந்திய வீட்டுத்திட்டத்துக்கு வைத்த ஒப்பந்தம், பேரப்பிள்ளையின் தேர்ச்சி அறிக்கை எல்லாம் உதவும். நீதிமன்றம் மூலப் பிரதியை அரச பகுப்பாய்வாளர் திணைக்களத்தின் ஆவணப் பரிசோதகருக்கு அனுப்பலாம். போட்டோக்கொப்பியை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்ல இயலாது, மூலம் வேண்டும். பெருவிரல் அடையாளம் இருந்தால் இன்னும் நல்லது.

அந்தத் திகதியில் அவர் எப்படி இருந்தார்

சாசனத் திகதிக்கு முன்னும் பின்னும் மூன்று மாதத்தை ஒரு நாட்காட்டியில் நிரப்புங்கள். கிளினிக் கொப்பி, மருந்துத் துண்டு, டயக்னோசிஸ் காட், ஆஸ்பத்திரியில் நின்ற நாட்கள். வார்டில் இருந்த ஒருவர் அதே நாள் வேறு ஊரில் கையெழுத்து வைக்க முடியாது. நோயாளியின் விவரம் எழுதும் ஆஸ்பத்திரியின் கட்டில் தலைச்சீட்டை நீங்கள் கேட்டால் தரமாட்டார்கள், நீதிமன்றக் கட்டளை மூலம் எடுக்கலாம். அது அழிக்கப்பட முதல் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள்.

மறதி இருந்தது, ஆட்களை மாறிக் கூப்பிட்டார் என்றால் அதைச் சொல்லக்கூடிய, பங்கு இல்லாத ஆட்களைத் தேடுங்கள். மருந்து கட்டிய தாதி, முடி வெட்ட வந்தவர், விதானையார் (கிராம அலுவலர்). பிள்ளைகள் சொல்வதை விட அவர்களுடைய வாய்ச்சொல்லுக்கு எடை கூட.

எந்தக் காரணத்தைப் பிடிப்பது

பொதுவாக நான்கு. முறைப்படி கையெழுத்தாகவில்லை. கையெழுத்து அவருடையதல்ல. அவருக்கு அந்த நேரம் புத்தி தெளிவில்லை, அல்லது என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே வைத்தார். வற்புறுத்தியோ ஏமாற்றியோ வாங்கினார்கள்.

சாசனம் முறையாக எழுதப்பட்டது, எழுதியவர் தெளிவோடும் விளக்கத்தோடும் எழுதினார் என்பதை நிரூபிக்க வேண்டியது சாசனத்தைக் கொண்டு வருபவர். சந்தேகமான சூழ்நிலை இருந்தால் அந்தச் சந்தேகத்தை நீக்க வேண்டியதும் அவரே. ஆனால் வற்புறுத்தல், ஏமாற்று என்று நீங்கள் சொன்னால் அதை நிரூபிக்கும் சுமை உங்கள் தலைக்கு வரும். பலர் இங்கேதான் பிழை விடுகிறார்கள். "கையெழுத்து அப்பாவின்ரை இல்லை, வெருட்டித்தான் வைப்பிச்சவை" என்று ஒரே மூச்சில் சொன்னால், எதிர்ச் சட்டத்தரணி சிரித்துக்கொண்டு எழும்புவார். வைத்தாரா, வைக்கவில்லையா? உங்கள் ஆதாரம் எங்கே கனமாக இருக்கிறதோ அதைப் பிடியுங்கள்.

இந்தச் சாசனம் விழுந்தால் என்ன நடக்கும் என்பதையும் முன்கூட்டிக் கேளுங்கள். முந்திய சாசனம் ஒன்று இருந்தால் அது எழும்பி வரலாம். ஒன்றும் இல்லையென்றால் வாரிசுச் சட்டப்படி பிரியும். வன்னியில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே சட்டம் இல்லை. வட மாகாணத்தைத் தாயகமாகக் கொண்ட தமிழருக்குத் தேசவழமை எனும் வழக்காற்றுச் சட்டம். மலையகத்திலிருந்து 1958, 1977 கலவரங்களுக்குப் பிறகு வந்து குடியேறிய குடும்பங்களுக்கு எது என்பது கேட்டுத் தெளிய வேண்டிய கேள்வி. முஸ்லிம் குடும்பங்களுக்கு வேறு சட்டம்.

நீதிமன்றத்தில்

சாசனத்தை வைத்திருப்பவர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைத்து, நிறைவேற்றுநர் (சாசனத்தை நிறைவேற்ற அதில் பெயர் குறித்தவர்) மரண சாசன வழக்குப் போட்டு, புறொபேற் எனப்படும் சான்றைப் பெற வேண்டும். அதற்கு முன் நீதிமன்றம் பத்திரிகையில் அறிவித்தல் போட்டு, ஆட்சேபனை உள்ளவர்கள் இன்ன திகதிக்குள் வரலாம் என்று சொல்லும். நாங்கள் யாரும் அந்தப் பக்கத்தைப் பார்ப்பதில்லை என்பது சாசனக்காரருக்கும் தெரியும். ஆகவே அப்பா வாழ்ந்த மாவட்டம், இறந்த மாவட்டம், சொத்துள்ள மாவட்டம் என்று ஒவ்வொரு நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்திலும் அப்பாவின் பெயரில் வழக்குப் பதிந்திருக்கிறதா என்று மாதம் ஒரு முறை பாருங்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கிலும் மாவட்ட நீதிமன்றம் உண்டு.

வழக்கு இருந்தால் அறிவித்தலில் சொன்ன திகதிக்குள் ஆட்சேபனையையும் சத்தியக்கடதாசியையும் போட வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: மரணச் சான்றிதழ், பெற்றோரின் விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், காணிப் பத்திரங்கள், கையெழுத்து மாதிரிகள், நீங்கள் நிரப்பிய நாட்காட்டி. கட்டணத்தை முதல் நாளே பேசுங்கள், மொத்தமாகவா தவணைக்குத் தவணையா என்று. வசதி இல்லாவிட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையம் எங்கே என்று நீதிமன்றத்தில் கேளுங்கள், வருமானம் பார்த்து உதவுவார்கள்.

கனடாவிலும் பிரான்சிலும் உள்ள சகோதரங்கள் வந்துதான் ஆக வேண்டும் என்றில்லை. அங்குள்ள இலங்கைத் தூதரகத்தில் அற்றோணித் தத்துவம் செய்து அனுப்பலாம். காணாமல் ஆக்கப்பட்ட தம்பி, அண்ணன் இருந்தால் அவரையும் வாரிசாகக் காட்டுங்கள். மரணச் சான்றிதழ் எடுக்க மனமில்லாத குடும்பங்களுக்கு 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் இருக்கிறது. அண்ணனுக்காக அம்மா அதைத்தான் எடுத்தார்.

திகதி தவறி, புறொபேற் கொடுத்துவிட்டார்கள் என்றாலும் கை விடாதீர்கள். அதைத் திரும்பப் பெறும்படி அதே நீதிமன்றத்தில் கேட்கலாம். ஏன் பிந்தி வந்தீர்கள் என்ற கேள்விக்கு நல்ல பதில் வேண்டும், அவ்வளவுதான்.

கள்ளக் கையெழுத்து என்பது குற்றமும்கூட. பொலிஸில் முறைப்பாடு செய்து பதிவின் பிரதியை எடுத்து வையுங்கள். ஆனால் பொலிஸ் சாசனத்தை இரத்துச் செய்யாது, அது மாவட்ட நீதிமன்றத்தின் வேலை.

வழக்கு நடக்கும் காலத்தில்

காணியை விற்றுவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது. காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்கு எச்சரிக்கை அறிவித்தல் பதியலாம். யாரும் உறுதி பதிய வந்தால் உங்களுக்குத் தெரியவரும். காணி பற்றிய வழக்கென்றால் வழக்கு நிலுவையில் இருப்பதையும் பதியலாம். இடைக்காலத் தடை தேவையா என்று சட்டத்தரணி முடிவு செய்வார். ஆட்களைக் கொண்டுவந்து வேலி போட்டால் கைகலப்புக்குப் போகாமல் உடனே பொலிஸுக்குப் போங்கள். காணிப் பிணக்குக்கான 66ஆம் பிரிவு வழக்கு என்று சொல்வார்கள், அதில் உரித்துப் பார்க்க மாட்டார்கள், அனுபவத்தில் இருந்தவர் யார் என்றுதான் பார்ப்பார்கள். வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் இந்த வழக்குக்குப் போக வேண்டும், ஆறப்போட வேண்டாம்.

எங்கள் வழக்கில் தீர்ப்பு வரவில்லை. சாட்சிகள் இருவரையும் கூண்டில் ஏற்ற வேண்டும் என்ற நாள் கிட்டியதும், சின்னையா அம்மாவிடம் வந்தார். வாசற்படியில் இருந்து தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "பெடியன் பிழை விட்டிட்டான் மச்சாள்" என்றார். சமரசத்துக்கு நான் எதிரி இல்லை. ஆனால் வாய்ப்பேச்சிலோ, கோயிலில் செய்த சத்தியத்திலோ, ஜே.பி. (சமாதான நீதவான்) முன் எழுதிய கடதாசியிலோ அதை முடிக்காதீர்கள். நிபந்தனைகளை எழுதி, இரு தரப்பும் திறந்த நீதிமன்றத்தில் கையெழுத்து வைத்து, வழக்கேட்டில் பதிய வேண்டும். நாங்களும் அப்படியே செய்து, கட்டளையின் உறுதிப்படுத்திய பிரதி மூன்று எடுத்தோம். ஒன்று காணிப் பதிவகத்துக்கு, ஒன்று பிரதேச செயலகத்துக்கு, மற்றது அம்மாவின் பொலித்தீன் பையில்.